மொக்கையனின் வாய்

ஒரு குடும்பப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது?

இரண்டாவது உச்சியைத் தாண்டுவதற்குள் கத்தரீனாள் முடிவு செய்துவிட்டாள். தோட்டம் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக இந்த மொக்கையனைப் பற்றிப் புருஷனிடம் சொல்லிவிட வேண்டும். சூசையப்பன் அங்கே கணக்கப்பிள்ளை. அவர் துரை காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். போடியிலிருந்து மலைக்கு ஆள் கூட்டிப்போகிற பிழைப்பு இவனுக்கு அதோடு சரி.

அடிவாரத்தில் நல்லவனாகத்தான் தெரிந்தான். கைக்குழந்தையை வாங்கித் தன் நெஞ்சோடு துணியால் கட்டிக்கொண்டான். வருஷா வருஷம்போல மழையில் பாதை சரிந்துவிட்டது, மலைமுகட்டோடு ஐந்து உச்சி ஏறி இறங்கினால்தான் தோட்டம் என்று பணிவாகச் சொன்னான்.

முகடு என்றால் வெறும் பாறை. ஓர் ஆள் கால்வைக்கிற அகலம். இரண்டு பக்கமும் அதலபாதாளம். முதல் உச்சியிலேயே அவள் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவன் வாய் திறந்தது.

"என்ன புள்ள, ஒங்கப்பன் வீட்டு ஊஞ்சல்னு நெனப்பா? எந்திரி."

புள்ளயாம்! கணக்கப்பிள்ளை சம்சாரத்தைப் பார்த்து!

விருட்டென்று எழுந்தாள்.

அடுத்த ஏற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லப் பார்த்தாள்.

"சாமி என்ன, மேல இருந்து கயிறா விடப்போறாரு? கண்ணத் தொற."

பின்னால் அரிசி மூட்டையோடு வந்த சுமைக்காரி மூக்கம்மாள் களுக்கென்று சிரித்தாள்.

அதோடு விட்டானா? அவள் நடையை வாத்து நடை என்றான். இந்த வாத்தை வைத்துக்கொண்டு மாமியார்க்காரி எப்படித்தான் காலம் தள்ளினாளோ என்றான். பெற்றவளையும் விட்டுவைக்கவில்லை, பிள்ளைக்கு நடக்கக்கூடச் சொல்லித்தராத தாயும் ஒரு தாயா என்று கேட்டான்.

கத்தரீனாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எட்டி எட்டி நடந்தாள். அவன் பிடரியைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை.

நாலாவது உச்சிக்குப் போகிற வழி கத்திமுனையாக ஒடுங்கியது. அங்கே ஒரு சின்னக் கற்குவியல். மொக்கையன் குனிந்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு நடந்தான்.

இந்த வாய்க்குச் சாமி கும்பிடு வேறு, என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது உச்சி இறங்கியதும் தேயிலை தெரிந்தது. சூசையப்பன் எதிரே ஓடிவந்தார். அவள் நின்ற இடத்திலேயே ஒன்று விடாமல் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நெசமாடா?"

"நெசந்தாங்கய்யா." தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"நாளையிலேருந்து நீ ஆள் கூட்டியாற வேண்டாம். பச்சப்புள்ளக்காரி, பயந்து நடுங்குறா. அவகிட்ட நாலு நல்ல வார்த்தை சொன்னா ஒன் நாக்கு அழுகிருமா?"

மொக்கையன் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைக் கட்டவிழ்த்து அவள் கையில் கொடுத்தான். கும்பிட்டான்.

"மன்னிச்சுக்க தாயி. கோவத்துல நடக்கறவுக குனிஞ்சு பாக்கமாட்டாக."

போகத் திரும்பியவன், நின்றான்.

"போன வருசம் எம் மகளை நல்ல வார்த்தை சொல்லித்தான்யா கூட்டியாந்தேன். அந்தக் கல்லு கெடக்குற எடத்துல, கீழ பாத்துட்டா."