சாட்சிக்கு இரண்டு மீனவர்

காதும் காதும் வைத்தாற்போல் மணம் முடிக்க இடம் தேடினர் அனீபலும் யொகாஸ்தாவும். தொமினிக்க நாட்டிலோ தெருவுக்கொரு உறவு.

"பானி ஊர்க் கோயில்ல வச்சுக்கலாமா?" என்றான் அனீபல்.

"அங்க உன் அத்தை இருக்கா. அவகிட்ட சொல்றதும் கோயில் மணிய அடிக்கிறதும் ஒண்ணுதான்."

"அப்போ சமானா?"

மூன்று புறமும் திரைகடல் காவல் நிற்கும் ஊர். யொகாஸ்தா முகம் மலர்ந்தாள்.

"சாட்சிக்கு ரெண்டு மீன்காரங்க போதும். வீட்ல தெரிஞ்சா மானம் போயிடும், ஜாக்கிரதை!"

கதவு திறந்தது; விரித்திருந்த வரைபடம் மெத்தைக்கடியில் மறைந்தது.

மூத்த மகள் யுதெல்கா நின்றாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை உங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாள் திருப்பலிக்கு, ஃபாதர் கல்யாணச் சான்றிதழ் கேக்குறார். எங்க இருக்கு?"

"சமானாவுல. நாளைக்கே போய் எடுத்துட்டு வர்றோம்," என்றார் அப்பா.

"தேதிமேல மட்டும் காப்பி கொட்டியிருக்கும்டி," என்றாள் அம்மா.