வெளிச் சாப்பாடு

பள்ளி லீவுக்குத் தீம் பார்க் வந்த தங்கபுஷ்பத்தின் குடும்பம் உள்ளே போய்விட்டது. விடியற்காலையில் எழுந்து அவள் கிளறிய புளியோதரையோடு, நாலடுக்கு கேரியரை மட்டும் காவலாளி வாசலிலேயே பிடித்து வைத்துக்கொண்டார்.

கேரியருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற அறிவிப்புப் பலகையிடம், "நான் என்னய்யா தப்பு பண்ணினேன்?" என்று கேட்டது.

"என் மேல எழுதியிருக்கிறதைப் படி. வெளி உணவுக்கு அனுமதி இல்லை," என்றது பலகை.

"வெளிச் சாப்பாடு ஆகாதுன்னு தங்கபுஷ்பமும்தான் பிள்ளைகளைத் தினம் திட்டுறா. அவ சொல்றது உள்ளே உன் கடையில விக்கிறதை. நான் வீட்டுச் சாப்பாடு."

"சட்டம் பேசாதே. இந்த வாசலுக்கு வெளியே இருந்து வந்தா எல்லாம் வெளி உணவுதான்."

"அப்போ உன் கடை பன்னு உள்ளேயே மரத்துல காய்க்குதோ?"



மதியம் பிள்ளைகள் பசியோடு தங்கபுஷ்பத்தை வெளியே இழுத்து வந்தார்கள். வாசலில் நிழல் இருந்தது அந்தப் பலகையின் அடியில் மட்டும்தான். காவலாளியிடம் கேரியரை வாங்கி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரித்தார்கள். புளியோதரை வாசம் கிளம்பி, காவலாளியைத் தாண்டி, நேராக உள்ளே போனது.

"இப்போ நிறுத்து பார்ப்போம்," என்றது கேரியர்.