முதல் கையெழுத்து

"பள்ளிக்கூடம் வேணும்னு நினைக்கறவங்க கை தூக்குங்க" என்று சுபாஷிணி சொல்லி வாய் மூடவில்லை. முன்வரிசை இளைஞன் எழுந்தே நின்றுவிட்டான். அவன் கக்கத்தில் புத்தம்புதிய தமிழ் அரிச்சுவடி ஒன்று இருந்தது.

மாரியம்மன் கோவில் தகரக் கொட்டகையில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டில்லியில் தமிழர்கள் வாழும் இந்தக் குடிசைப் பகுதியில் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி தொடங்கலாமா என்று மக்களிடம் கேட்டுவரச் சொல்லி அறக்கட்டளை அவளை அனுப்பியிருந்தது. நாற்பது குடும்பங்கள் சம்மதித்தால் பள்ளி உண்டு. இல்லையென்றால் திட்டம் வேறு பகுதிக்குப் போய்விடும்.

"பேர் என்ன தம்பி?"

"மதன், மேடம்." சம்மதப் படிவத்தில் அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஹிந்தியில் கையெழுத்துப் போட்டான். "சாயங்காலமும் கிளாஸ் உண்டா?"

"சின்னக் குழந்தைங்களுக்கு எதுக்கு சாயங்காலம்? காலையில எட்டு மணிக்குக் கொண்டு வந்து விட்டாப் போதும்."

அவன் அரிச்சுவடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இத்தனை அக்கறையுள்ள தகப்பன் ஒருவனாவது கிடைத்தானே என்று சுபாஷிணிக்குத் தெம்பாக இருந்தது.

அந்தத் தெம்பு தாயம்மாள் எழுந்திருக்கும்வரைதான்.

"தமிழ்ல படிச்சிட்டு இந்த டில்லியில யாருகிட்டம்மா பேசறது? நான் பாத்திரம் தேய்க்கற வூட்டு நாய்கிட்டயே இங்கிலீசுலதான் பேசணும். 'சிட்'டுன்னாத்தான் குந்துது!"

கொட்டகையே சிரித்தது.

"தாய்மொழியில ஆரம்பிச்சா பாடம் சீக்கிரம் புரியும்மா" என்றாள் சுபாஷிணி.

"அச்சா! உங்க புள்ள எங்க படிக்குது?" என்று கேட்டார் மேஸ்திரி காத்தவராயன்.

அவள் பதில் சொல்வதற்குள் "கான்வென்ட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது உண்மைதான். அவள் படிவங்களை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டாள்.

மதன் படிவங்களை வாங்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனான். "அண்ணே, ஒரே ஒரு கையெழுத்து. அக்கா, உன் பொண்ணுக்குத் தமிழ்ல ஒரு எழுத்துகூடத் தெரியாதுக்கா. பின்னாடி ரொம்பக் கஷ்டமாப் பூடும்."

சிலர் வாங்கினார்கள். பலர் பீடி பற்றவைக்க வெளியே போனார்கள். எல்லோரையும் வாயால் கிழித்த தாயம்மாள் அவனைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். கைநாட்டு வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தபோது இருபத்திரண்டு படிவங்கள்தான் தேறின.

"இதை வச்சு நான் சிபாரிசு பண்ண முடியாது தம்பி."

"ஒரு வாரம் டைம் குடுங்க மேடம். ஜல்தி வாங்கிடுவேன். வூடு வூடாப் போறேன்."

"இன்னிக்கே ரிப்போர்ட் அனுப்பியாகணும். உங்க குழந்தைக்காக ஊரையே வற்புறுத்த முடியுமா? புசா ரோடு தமிழ் ஸ்கூல்ல சேருங்க. பஸ் இருக்கு. வேணும்னா நானே சொல்லி வைக்கறேன்."

"எனக்குக் குழந்தை இல்லீங்க மேடம்."

சுபாஷிணி நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் யாருக்காக இப்படி அலையறீங்க?"

"எனக்குத்தான். நான் பொறந்ததே இங்க. பன்னெண்டாவது வரைக்கும் ஹிந்தி மீடியம். தமிழ் பேசத்தான் வரும். ஸ்கூல் வந்தா, சாயங்காலம் ஒரு மணி நேரம் யாராவது டீச்சர் எனக்குச் சொல்லிக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கோணல்மாணலாக நாலு வரி.

"அபிராமி எழுதினது. என் சம்சாரம். விழுப்புரத்துப் பொண்ணு. அவ போயி அஞ்சு மாசம் ஆவுது. கடைசி நாள் தொண்டையில குழாய் போட்டுட்டாங்க. பேச முடியல. இதை எழுதிக் குடுத்தா."

சுபாஷிணி கை நீட்டினாள். "குடுங்க தம்பி, நான் படிச்சுச் சொல்றேன்."

அவன் காகிதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "வேணாம் மேடம். என்கிட்ட சொன்னது. நானே படிச்சுக்கறேன்."

"உங்களுக்குத் தமிழ் படிக்க வராதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"வெக்கமா இருந்துச்சு. சொல்லவே இல்ல." அவன் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். "எழுதி முடிச்சிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா மேடம்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"படிச்ச மாதிரி தலையாட்டிட்டேன்."