தயிர்சாதப் பூனை

கரமனையில் பிச்சம்மாள் வளர்த்த வெள்ளைப் பூனை, குட்டியிலிருந்தே தயிர்சாதம் தவிர வேறெதையும் உண்டறியாதது. பக்கத்து வீட்டு ராகேலின் கடுவன் பூனையோ தினமும் வந்து அதைப் பிறாண்டியது. வெள்ளைப் பூனையின் காது கிழிந்த அன்று, பிச்சம்மாள் ராகேலைக் கையோடு அழைத்து வந்தாள்.

"இன்னைக்குக் காது. நாளைக்குக் கண்ணு போச்சுன்னா?"

"மன்னிக்கணும் அக்கா. அவனுக்குத் தினமும் மத்தி மீன் அவிச்சு வைக்கேன். அதை விட்டுட்டு உங்க தயிர்சாதத்துக்கா வருவான்?"

"சைவ வீட்டுல வேற என்ன இருக்கு?"

"வாயில்லாச் சீவன், விட்டுரு பிச்சம்மா," என்றார் கணவர் கோமதிநாயகம் அவசரமாக.

அதற்குள் கடுவன் ஜன்னல் வழியே குதித்தது. வழியில் நின்ற வெள்ளைப் பூனையை ஓர் அறை அறைந்துவிட்டு, கோமதிநாயகத்தின் பழைய பத்திரிகைக் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை இழுத்து வந்தது. உள்ளே பொரித்த நெத்திலி!

பிச்சம்மாள் கணவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நம்ம பூனைக்குத்தான் வாங்கினேன். பாவம், தயிர்சாதமே தின்னு நாக்கு செத்துப்போச்சு."

பிச்சம்மாளின் மனம் இளகிவிட்டது. "ராகேல், அதுக்கு ஒண்ணு எடுத்து வையேன்."

வெள்ளைப் பூனை நெத்திலியை முகர்ந்தது, தும்மியது, தயிர்சாதக் கிண்ணத்தைத் தேடிப் போய்விட்டது.

பிச்சம்மாள் மிகவும் பணிவாகக் கேட்டாள்: "அப்போ, நாக்கு செத்தது யாருக்குங்க?"