தம்பி மாட்டிய குழாய்

யுத்தத்தில் ரப்பர் சாமான் கிடைக்காமல் போன காலம். பரமத்தி வேலூரில் கார் பழுது பார்த்துவந்த செங்கோடனிடம் டாக்டரின் வண்டி மாதம் ஒருமுறை வரும். என்ஜின் உறிஞ்சும் காற்றில்தான் அதன் வைப்பர் ஆடும். என்ஜினையும் வைப்பரையும் இணைக்கும் ரப்பர் குழாயின் நுனி வெடித்தால் வைப்பர் நின்றுவிடும். வெடித்த நுனியில் ஒரு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டுவார்கள்.

செங்கோடன் மட்டும் எறியவில்லை. விஷக் காய்ச்சலில் போன தம்பி நல்லான் கடைசியாக மாட்டியது அந்தக் குழாய். துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டுவைத்தான்.

எட்டாம் மாதம் டாக்டரின் டிரைவர் மாரப்பன் கேட்டான்: “ஏனுங்கண்ணா, இது குழாயா, வாழைத்தண்டா? வெட்ட வெட்ட வளருதாட்ட இருக்குது.”

“இன்னும் ஒரு வெட்டுத்தான் தாங்கும் சாமி. அப்புறம் எட்டாது. கழட்டி வீச வேண்டியதுதான்.”

“போன மாசமும் இதையேதானுங்க சொன்னீங்க.”

செங்கோடன் வெட்டிய துண்டை டப்பாவில் போட்டான்.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் டப்பாவைக் கொட்டி, துண்டுகளை வரிசையாக வைத்து அளந்தான். ஒன்றரை முழம் வந்தது. வண்டியில் இருந்த குழாயையும் அளந்தான். நல்லான் மாட்டிய அன்று இருந்த அதே ஒரு முழம்.

அந்த ஐப்பசி மழையில் மறுபடியும் வைப்பர் நின்றது. இன்றோடு முடியட்டும் என்று செங்கோடன் ஒரு சாண் வெட்டினான். துண்டை டப்பாவில் போட்டான். மிச்சத்தை எடுத்து மாட்டினான்.

எட்டியது. இழுக்க வேண்டியிருக்கவில்லை.