மெயினைப் போட்டவன்

செத்தது இவனுடைய தம்பி.

சொல்லிக்கொண்டிருந்தவன் இசக்கிராஜ்.

மீட்பு இல்லத்தின் கூடம். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பதினோரு குடிகாரர்கள். நடுவில் ஆலோசகர் மேடம்.

"தம்பி கெணத்துக்குள்ள எறங்கி மோட்டார் பாத்துட்டிருந்தான் மேடம். மேல மெயின் சுவிட்சைப் போட்டது நாந்தான்."

இவன் தன் வலது கையைப் பார்த்தான்.

போட்டது இந்தக் கை. அன்றிலிருந்து நடுங்கும். குடித்தால் நிற்கும்.

பத்தொன்பது நாட்களாக இருவருக்கும் ஒரே அறை. நேற்று மாடியில் துணி காயப்போடும்போது இசக்கிராஜிடம் சொன்னான். மனைவியிடம்கூடச் சொல்லாதது. இன்று எல்லோர் முன்னும் சொல்வதற்கு முன், ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

இசக்கிராஜ் அழுதான். ஈர வேட்டியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒங்களுக்காவது ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. நான் கெடைச்சா குடிப்பேன், அவ்ளோதான். மேடம் நம்ப மாட்டேங்காங்க. எதையோ மறைக்கிறீங்கன்னு நோட்டுல எழுதுதாங்க."

மேடத்துக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் வேண்டும்.

இப்போது மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

இசக்கிராஜ் நன்றாகச் சொன்னான். நேற்று இவன் சொன்னதைவிட.

"அண்ணேன்னு கத்துனான் மேடம். இன்னைக்கும் அந்தச் சத்தம் கேக்கு."

இவன் நிமிர்ந்தான்.

எல்லோரும் கை தட்டினார்கள். மனம் திறந்தவர்களுக்கு இங்கே தட்டுவார்கள்.

அடுத்து இவன்.

இதற்காகவே காலையில் சவரம் செய்திருந்தான். சொல்லிவிட்டால் கை நடுக்கம் நின்றுவிடும் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை.

வாயைத் திறந்தான்.

அதே கிணறு. அதே மோட்டார்.

இசக்கிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் காரணம்னு ஒண்ணுமில்ல மேடம். கெடைச்சா குடிப்பேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினார்.

நான்கு மணிக்குத் தேநீர். இவன் கையில் தம்ளர் ஆடியது. விரல்மேல் வழிந்தது.

இசக்கிராஜ் வந்து தம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி."



இவன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் கத்தலடே," என்றான். "கத்தவே இல்ல."

இப்போது இவனுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.