தாழ்கிற உருண்டை

"இந்தக் கிழமையும் ஒம்பது உருண்டை குறையிது" என்றாள் சல்மா உம்மா. "ஹாஜறா, நீதான் எடுக்கிறாய்."

 ஹாஜறா சோடாத் தூள் படிந்த கைகளைச் சீலையில் துடைத்துக்கொண்டாள்.

சுனாமி வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. சாய்ந்தமருதுத் தகரக் கொட்டில்களில் இருந்த பெண்களுக்கு, காரைதீவிலிருந்து வந்த சுலோஜனா டீச்சர்தான் இந்தத் தொழிலைப் பழக்கினார். குளியல் தொட்டியில் போட்டால் நுரைத்துக் கரையும் வாசனை உருண்டை. ஹோட்டல்காரர்கள் வெளிநாட்டிலிருந்து பெரிய விலைக்கு எடுப்பித்த சாமான். அதையே அப்பச்சோடா, புளிப்புத் தூள், சோளமா, தேங்காயெண்ணெய் சேர்த்துக் கையால் பிடித்து, குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள்.

தொட்டியில் குளித்தவள் ஒருத்தியும் அந்தக் கூட்டத்தில் இல்லை. பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீரில் ஆளுக்கு இரண்டு வாளிதான்.

ஹாஜறா பிடித்தவற்றில் ஒன்பது மட்டும் ஒவ்வொரு வாரமும் பிழையாகிப் போகும். டீச்சர் மெதுவாகப் பிடிக்கச் சொன்னால், அவள் அந்த ஒன்பதையும் கல் மாதிரி இறுக்கிவிடுவாள். வாளியில் போட்டால் மற்றவர்களின் உருண்டை மிதந்து நுரைக்கும். அவளுடையது நேரே அடிக்குப் போகும். வாசமும் வேறு. ரோசாத் தைலத்துக்குப் பதிலாகச் சிலதில் இலந்தை இலைத் தூள், சிலதில் கற்பூரம்.

அந்த வாசம் எல்லோருக்கும் தெரியும். ஊரில் இறந்துபோகும் பெண்களை அடக்குமுன் மூன்று தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறவள் ஹாஜறா. முதல் இரண்டு தண்ணீருக்கு இலந்தை இலை, மூன்றாவதற்குக் கற்பூரம்.

"மையித்தக் குளிப்பாட்டின கை. வெள்ளக்காரனையும் கபன் சீலை சுத்தி அனுப்பப் பாக்கிறாய்" என்று ஒருத்தி பகிடி பண்ணினாள். சிலர் சிரித்தார்கள்.

கழித்து வைத்த அந்த ஒன்பதும் வெள்ளிக்கிழமைகளில் காணாமல் போயின. அவள் யாருக்கோ களவாக விற்கிறாள் என்பது சல்மா உம்மாவின் கணக்கு. உருண்டை பிடிக்கிற பெண்களின் சங்கத் தலைவி அவள்தான். மாவும் சோடாவும் எல்லாருக்கும் பொது, இன்னொரு தடவை குறைந்தால் பெயரை வெட்டிவிடுவேன் என்றாள். டீச்சர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஹாஜறாவின் கணவனும் வீடும் அலையோடு போனதையும், இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த உருண்டைதான் சோறு போடுகிறது என்பதையும் எடுத்துச் சொன்னார்.

"எங்களுக்கு மட்டும் என்ன மிஞ்சினது, டீச்சர்?" என்றாள் சல்மா உம்மா.

அடுத்த வெள்ளி. ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, ஹாஜறா ஒரு பையோடு கடற்கரைப் பக்கம் நடந்தாள். சல்மா உம்மா பின்னால் போனாள்.

மணல் தொடங்கும் இடத்தில் சல்மா உம்மாவின் கால் நின்றுவிட்டது. ஒரு வருடமாக அவள் கடலைப் பார்க்கவில்லை. சுனாமி வந்த அன்று காலை மீன் வாங்க வந்த அவளுடைய மகள் முபீதா திரும்பவே இல்லை. கண்டெடுத்த உடல்களைப் பெரிய குழி வெட்டிக் குளிப்பாட்டாமலே அடக்கினார்கள். முபீதா அந்தக் குழிகளிலும் இல்லை.

களவைக் கையோடு பிடிக்க வேண்டும் என்ற ஆத்திரம்தான் அவளை மணலில் இறக்கியது.

வாங்க வந்தவர் யாரும் இல்லை. வாகனமும் இல்லை. முழங்கால் அளவு தண்ணீரில் ஹாஜறா தனியாக நின்றாள். ஓர் உருண்டையை எடுத்து, வாய்க்குள் ஏதோ ஓதி, தண்ணீருக்குள் விட்டாள். அது தாழ்ந்தது. கீழேயிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு இன்னொன்று.

"என்ன புள்ள செய்யிறாய்?"

ஹாஜறா திரும்பிச் சல்மா உம்மாவைப் பார்த்தாள்.

"முதல்ல சும்மா இலந்தை இலையத்தான் போட்டன், மாமி. அலை திருப்பிக் கரைக்கே கொண்டுவந்திட்டு. இறுக்கிப் பிடிச்சாத்தான் அடிக்குப் போய்க் கரையிது."

சல்மா உம்மா தண்ணீருக்குள் இறங்கினாள்.

"ஆருக்கு?"

"கடலோட போன பொம்புளையளுக்கு. கிழமைக்கு மூண்டு பேர். ஆளுக்கு மூண்டு தண்ணி."

சல்மா உம்மா அலையைப் பார்த்தாள். அவளுடைய சீலைக் கரை நனைந்துகொண்டிருந்தது.

ஹாஜறா பைக்குள் கையை விட்டு, தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றி முடிந்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சுற்றியிருந்த பொலித்தீன் பழையது, மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தது.

"முபீதாட மூண்டு உருண்டையையும் முதல் வெள்ளியே பிடிச்சிட்டன். உம்மா நீங்க பக்கத்தில இல்லாமக் குளிப்பாட்ட மனம் வரல்ல, மாமி. ஒவ்வொரு கிழமையும் கொண்டுவந்து, திருப்பிக் கொண்டுபோறன்."